மாறுவேடக் கருதுகோளின் வரலாறு: குருதித் தட்டைப்புழுவும் ஓம்புயிரியின் மூலக்கூறுகளும்

முன்னுரை

1851ஆம் ஆண்டு கெய்ரோ நகரின் கஸ்ர் அல் அய்னி மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்த ஜெர்மானிய மருத்துவர் தியோடர் பில்ஹார்ஸ், கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரையின் குருதியில் வெண்ணிறப் புழுக்களைக் கண்டார். பின்னாளில் சிஸ்டோசோமா எனப் பெயர் பெற்ற குருதித் தட்டைப்புழுக்கள் இவையே. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள ஆண்புழுவின் உடல் மடிப்புக்குள் பெண்புழு தங்கியிருக்கும். இவை பொதுவாக 3 முதல் 10 ஆண்டுகளும், சிலரிடம் 30 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழ்கின்றன. எதிர்ப்பொருள்களும் வெள்ளணுக்களும் இடையறாது ஓடும் குருதியிலேயே ஓர் அயலுயிர் இத்துணைக் காலம் அழியாதிருப்பது எங்ஙனம்? புழு தன் ஓம்புயிரியின் மூலக்கூறுகளைப் போர்த்துக்கொண்டு மாறுவேடத்தில் வாழ்கிறது என்பது 1960களில் உருவான விடை. பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் இவ்விடையில் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது எது, உவமையின் கவர்ச்சியால் ஏற்கப்பட்டது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போலிமையும் இரவலும்

ரேமண்ட் டாமியன் 1964இல் வெளியிட்ட கட்டுரையே ‘மூலக்கூற்றுப் போலிமை’ என்னும் கலைச்சொல்லை வழங்கியது. ஒட்டுண்ணியின் சில மூலக்கூறுகள் ஓம்புயிரியின் மூலக்கூறுகளை ஒத்திருப்பதால் அவற்றுக்கு எதிராக எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை என்றார் அவர். எதிர்ப்பொருளைத் தூண்டவல்லதாயினும் இவ்வாறு கண்ணுக்குத் தப்பிவிடும் மூலக்கூறுகளை ‘மறைவுண்ட ஆன்டிஜென்கள்’ எனக் குறித்தார். டாமியனின் கருத்துப்படி இம்மூலக்கூறுகளை ஆக்குவது புழுவே. படிமலர்ச்சியின் நெடுங்காலத் தேர்வால் அவை ஓம்புயிரியின் சாயலைப் பெற்றன.

சோதனைச் சான்று வேறொரு திசையிலிருந்து வந்தது. லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மிதர்ஸும் அவருடன் பணியாற்றிய டெரியும், முதிர்ந்த புழுக்களை ரீசஸ் குரங்குகளின் போர்ட்டல் சிரைத் தொகுதிக்குள் அறுவை முறையில் செலுத்தினர். அக்குரங்குகள் பின்னர்த் தோல் வழியே நுழைந்த செர்க்காரியா இளம்பருவங்களை எதிர்த்து அழித்தன. முன்பே குடியேறிய முதிர்ந்த புழுக்களோ நலமுடன் வாழ்ந்தன (1967). தன்னை அழிக்காத, தன் இனத்தின் பின்வரவுகளை மட்டும் அழிக்கும் எதிர்ப்பாற்றலைப் புழு தோற்றுவித்தது! புற்றுநோய் ஆய்விலிருந்து பெறப்பட்ட ‘உடனிகழ் எதிர்ப்பாற்றல்’ என்னும் பெயர் இதற்கு இடப்பட்டது.

1969இல் ஹாக்லியும் இணைந்து செய்த சோதனையே இவ்வரலாற்றின் மையம். சுண்டெலியில் வளர்ந்த புழுக்களைச் சாதாரணக் குரங்குக்கு மாற்றியபோது அவை சில வாரங்கள் முட்டையிடுவதை நிறுத்திப் பின் மீண்டன. சுண்டெலியின் திசுக்களுக்கு எதிராக முன்கூட்டியே தடைகாப்பூட்டப்பட்ட குரங்குக்கு மாற்றியபோதோ அவை அழிந்தன. குரங்கிலேயே வளர்ந்த புழுக்கள் அத்தகைய குரங்கிலும் பிழைத்தன. ஆகவே சுண்டெலிப் புழுவின் மேற்பரப்பில் சுண்டெலியின் ஆன்டிஜென் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஓம்புயிரி மாறியபோது புழுவின் மேற்பரப்பும் மாறியதால், இது டாமியன் கூறிய போலிமை என்பதைவிட இரவல் என்பதே பொருந்தும். 1971இல் கிளெக், ஸ்மிதர்ஸ், டெரி மூவரும் ஆய்வகத்தில் மனிதக் குருதியோடு வளர்த்த புழுக்கள் மனித ஆன்டிஜென்களை ஏற்பதைக் காட்டினர். 1976இல் கோல்ட்ரிங் முதலானோர் ஏ, பி, எச் குருதிவகை ஆன்டிஜென்கள் புழுவில் ஒட்டுவதையும், ஆர்எச் ஆன்டிஜென் ஒட்டாததையும் கண்டனர், ஒட்டியவை கிளைக்கோலிப்பிடுகள்.

ஒட்டியிருத்தலும் காத்தலும்

ஓம்புயிரியின் பொருள் புழுவின்மேல் உள்ளது என்பது ஒரு கூற்று. அப்பொருளே புழுவைக் காக்கிறது என்பது மற்றொரு கூற்று. 1969ஆம் ஆண்டுச் சோதனை முதற்கூற்றை நிறுவியது. இரண்டாவது அதனுடன் சேர்ந்தே ஏற்கப்பட்டது. ‘மாறுவேடம்’ என்னும் சொல்லில் நோக்கமும் பயனும் முன்பே அடங்கியிருப்பதே இதற்குக் காரணம் எனலாம். வேடம் புனைபவன் மறைவதற்கே புனைகிறான். அதன்பின் காரணம் வேறாக இருக்கலாமோ என்று கேட்பாரில்லை.

ஆனால் வேறு காரணத்துக்கு இடமிருந்தது. இப்புழுவால் கொழுப்பு அமிலங்களையும் ஸ்டீரால்களையும் புதிதாக ஆக்க இயலாது என்பதை மேயர், மேயர், பியூடிங் ஆகியோர் 1970இலேயே காட்டியிருந்தனர். லிப்பிடுக்கு முற்றிலும் ஓம்புயிரியை நம்பியிருக்கும் உயிரியின் மேற்பரப்பில் ஓம்புயிரியின் கிளைக்கோலிப்பிடு காணப்படுவது, மறைவுக்கான உத்தி என்பதைவிட உணவூட்டத்தின் பக்கவிளைவாகவும் இருந்திருக்கலாம். இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துக் காணும் வாய்ப்பு அக்காலத்தில் போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை.

நேரடி மறுப்பு 1977இல் எழுந்தது. வளர்ந்துவரும் இளம்புழுவின் மேற்பரப்பு, ஓம்புயிரியின் ஆன்டிஜென்களைச் சாராமலேயே, எதிர்ப்பொருளைப் பிணைக்கும் தன்மையை இழக்கிறது என்றார் டீன். 1980இல் மோசர், வாசம், ஷேர் ஆகியோர், வளர்ந்துவரும் இளம்புழுக்கள் தாக்குதலைத் தாங்கும் ஆற்றல் பெறுவது, புழுவின் ஆன்டிஜென்களை ஓம்புயிரியின் மூலக்கூறுகள் மறைப்பதோடு தொடர்பற்ற மாற்றத்தால் என்பதற்குச் சான்று கண்டனர். இவர்களுள் ஆலன் ஷேர், சுண்டெலியின் முதன்மைத் திசுப்பொருத்த மூலக்கூறுகளைப் புழு ஏற்கிறது என 1978இல் காட்டியவர்களுள் ஒருவர். இரவலை உறுதிப்படுத்தியவரே இரவல் இன்றியும் காப்பு உண்டு என்பதற்குச் சான்றளித்தார்.

புழுவின் மேற்பரப்பே தனித்தன்மை வாய்ந்தது. செர்க்காரியாவின் மூவடுக்கு உறை, அது தோலினுள் புகுந்த சில மணி நேரத்திலேயே ஏழடுக்குத் தோற்றமுடைய உறையாக மாறுவதை ஹாக்லியும் மெக்லாரனும் மின்னணு நுண்ணோக்கியில் கண்டிருந்தனர் (1973). இது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைச் சவ்வு என்று 1977இல் விளக்கப்பட்டது.

தடுப்பூசியின் கேள்வி

இவ்விவாதம் கோட்பாட்டளவில் நின்றதன்று. முதிர்ந்த புழு முழுமையாக மாறுவேடத்தில் உள்ளதெனின் அதற்கு எதிரான தடுப்பூசி வீண். இளம்பருவமே இலக்காக வேண்டும். காப்பு மேற்பரப்பின் அமைப்பில் உள்ளதெனின், அங்குள்ள புழுவின் சொந்தப் புரதங்கள் இலக்காகலாம்.

பிராசிகுவான்டல் மருந்து பற்றிய ஆய்வு எதிர்பாராத சான்றைத் தந்தது. எதிர்ப்பொருள் ஆக்க இயலாதவாறு செய்யப்பட்ட சுண்டெலிகளில் இம்மருந்தின் ஆற்றல் பெரிதும் குன்றுவதை பிரிண்ட்லியும் ஷேரும் 1987இல் அறிவித்தனர். மருந்து மேற்பரப்பைக் குலைக்கிறது. அதனால் வெளிப்படும் புழுவின் ஆன்டிஜென்களை, ஓம்புயிரியின் குருதியில் முன்பே இருந்த எதிர்ப்பொருள்கள் பற்றிக்கொள்கின்றன. அதாவது, ஓம்புயிரி புழுவை அறியாதிருந்ததில்லை. அறிந்தும் எட்ட இயலாதிருந்தது.

2006இல் பிராஷியும் வில்சனும் உயிருள்ள முதிர்புழுவின் மேற்பரப்பில் வெளிப்பட்டிருந்த புரதங்களை பயோட்டின் குறியீட்டு முறையில் பிரித்தறிந்தனர். ஓம்புயிரியிடமிருந்து வந்தனவாக அங்கே கிடைத்தவற்றுள் இம்யூனோகுளோபுலின்களும், நிரப்புப் புரதமான சி3இன் துண்டுகளும் இருந்தன. இவை தாக்க வந்த படைக்கலங்களின் எச்சங்கள். அதே ஆண்டில் டிரான் முதலானோர், புழுவின் மேலுறைப் புரதமான டெட்ராஸ்பானின்-2ஐ, நோய்த்தொற்றை எதிர்ப்பவர்களாகக் கருதப்பட்ட மனிதர்களின் எதிர்ப்பொருள்கள் அடையாளம் காண்பதைக் காட்டினர். அப்புரதத்தை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி பின்னர் மனிதச் சோதனைக் கட்டத்தை எட்டியது.