ஒரிஜினல் எங்கே?

போன வருஷம் 'ஜாஸ்' பட போஸ்டர் ஒன்றை 'ஒரிஜினல்' என்று நம்பி 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ரூமுக்கு வந்து பிரித்தால் கம்ப்யூட்டர் பிரிண்ட். ஓரமெல்லாம் பிக்சல் பல்லை இளிக்கிறது. அந்தச் சுறாவுக்கே அத்தனை பல் கிடையாது! அந்தக் கடுப்பில்தான், இந்த 'ஒரிஜினல்' என்பது என்ன என்று தேட ஆரம்பித்தேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பழைய ஹாலிவுட் போஸ்டர் சேகரிப்பவர்களிடம் ஒரிஜினல் என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் உண்டு. படம் வெளியானபோது தியேட்டருக்கென்றே அச்சடித்த தாள் ஒன்று. 'ஒன் ஷீட்' என்பார்கள், 27க்கு 41 அங்குலம். அந்தத் தாளுக்கு மூலமாக ஓர் ஓவியர் தூரிகை பிடித்து வரைந்த ஓவியம் இன்னொன்று. முதலாவது எத்தனையோ பிரதிகள். இரண்டாவது உலகத்திலேயே ஒன்றுதான்.

அச்சுத்தாளே தப்பிப் பிழைத்தது ஆச்சரியம். 1940லிருந்து பல ஸ்டுடியோக்களின் போஸ்டர்களை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம் விநியோகித்தது. தியேட்டர்காரர் வாடகைக்கு எடுத்து, படம் ஓடி முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அதனால் மக்கள் கைக்கு வந்தது கொஞ்சம்தான்.

மூல ஓவியத்தின் கதி இன்னும் மோசம். அதைப் போட்டோ பிடித்து அச்சுக்கு அனுப்பியதும் வேலை முடிந்தது. நம்ம பிளஸ் டூ கணக்குப்பதிவியல் பாஷையில் சொன்னால், ஓவியருக்குக் கொடுத்த பணத்தை வருவாயினச் செலவாகத்தான் பார்த்தார்கள். மூலதனச் செலவாக, ஒரு சொத்தாக யாரும் நினைக்கவில்லை. செலவு எழுதியாகிவிட்டது, பொருள் எங்கே போனால் என்ன?

'ஜாஸ்' கதையையே பாருங்கள். ரோஜர் காஸ்டெல் அந்தச் சுறாவை வரைந்தது முதலில் சினிமாவுக்கே அல்ல. பீட்டர் பெஞ்ச்லி நாவலின் பேப்பர்பேக் அட்டைக்காக! நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த சுறாக்களைப் பார்த்து வரைந்தார். 1975ல் படம் வந்தபோது யுனிவர்சல் அதையே போஸ்டராக்கியது. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த எண்ணெய் வண்ண ஓவியம் அதற்குப் பிறகு காணாமல் போனது. இன்று வரை கிடைக்கவில்லை. காஸ்டெல் 2023ல் இறந்தார், அதைத் திரும்பப் பார்க்காமலே.

ரிச்சர்ட் ஆம்செல் நம்மை மாதிரி மாணவராக இருந்தபோது ஃபாக்ஸ் ஸ்டுடியோ நடத்திய போட்டியில் ஜெயித்து 'ஹலோ, டாலி!' (1969) போஸ்டரை வரைந்தவர். 1981ல் இண்டியானா ஜோன்ஸின் முதல் படத்துக்குத் தொப்பியும் சாட்டையுமாக அவர் வரைந்ததுதான் இன்றும் நம் கண்ணில் நிற்கும் ஜோன்ஸ். 1985ல் இறந்தபோது அவருக்கு 37 வயது. பின்னால் வந்த ஜோன்ஸ் படங்களுக்கு வரைந்த ட்ரூ ஸ்ட்ரூசனும் 2025ல் போய்விட்டார். கையால் வரைந்த அந்தக் காலத்தை கம்ப்யூட்டர் அதற்கு முன்பே முடித்துவிட்டது.

தப்பித்த ஓவியங்கள் எப்படித் தப்பித்தன? யாரோ ஒருவர் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்துக்கொண்டதால். 1977ல் 'ஸ்டார் வார்ஸ்' செய்தித்தாள் விளம்பரத்துக்கு டாம் ஜங் வரைந்ததைத் தயாரிப்பாளர் கேரி கர்ட்ஸ் வைத்திருந்தார். 2025 டிசம்பரில் அவர் குடும்பத்திடமிருந்து ஏலத்துக்கு வந்து 38 லட்சம் டாலருக்கு மேல் போனது. செலவு என்று எழுதித் தள்ளிய பொருள்!

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இப்படி விலை ஏறும்போது ஓவியருக்குப் பங்கு உண்டா? பிரான்ஸில் ஓவியம் மறுபடி விற்கும்போது ஓவியருக்கு ஒரு பங்கு தரும் சட்டம் 1920லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆக, லாபமெல்லாம் காப்பாற்றி வைத்தவருக்கு. காப்பாற்றியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் இல்லாவிட்டால் அது குப்பைக்குத்தான் போயிருக்கும். ஆனாலும் வரைந்த கைக்குப் பூஜ்யம் என்பது எந்த ஐந்தொகையிலும் 'டேலி' ஆகவில்லை.

என்னை மாதிரி ஏமாறாமல் இருக்க ஒரு டிப்ஸ். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஆஃப்செட்டில் அச்சடித்ததில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். ஓவியத்தில் தூரிகைத் தடமும் பென்சில் கோடும் தெரியும். பெரும்பாலும் படத்தின் பெயர்கூட இருக்காது. எழுத்துக்களைத் தனியாகச் சேர்த்துத்தான் அச்சடிப்பார்கள், அதற்கான இடம் சும்மா கிடக்கும்.

என் 600 ரூபாய் சுறா இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதன் ஒரிஜினல், எங்கோ ஒரு பரணில் தூசி படிந்து கிடக்கிறது என்றுதான் நம்ப ஆசை. பரண் சுத்தம் செய்கிறவர்களே, தூக்கிப் போடும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்!