சபையைப் பாடவைக்கும் கலை

ஆராதனையில் பாட்டை எடுத்துக் கொடுப்பவருக்கு இனிய குரல் மட்டும் போதுமா? தமிழ்க் கிறிஸ்தவ இசையின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவாக விடை பகர்கின்றது.

1706-ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பின், ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் தமிழாக்கப் பெறலாயின. 1740-இல் இந்தியாவுக்கு வந்த பப்ரிசியுஸ் ஐயர் இப்பணியில் சிறந்து விளங்கினார். ஆயினும், மொழி தமிழாகவும் மெட்டு ஐரோப்பியமாகவும் இருந்தமையால் ஓர் இடர் எழுந்தது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்ற வல்லவை. 'மலை' என்பதன் முதலெழுத்து நீண்ட ஸ்வரத்தில் அமைந்தால், செவிக்கு அது 'மாலை' ஆகிவிடும். பாட்டு நடத்துபவர் இசையையும் மொழியையும் ஒருங்கே அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

இவ்விடர்க்கு விடை கண்டவர்களுள் தலைசிறந்தவர், 1774-இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார். சுவார்ட்சு ஐயர் அவரை இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்து வந்தார். சரபோஜி மன்னர் அவரை ஆதரித்தார். 'பெத்லகேம் குறவஞ்சி' முதலிய நூல்களை இயற்றிய அவர், பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பைக் கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உரியதாக்கினார். நடத்துபவர் சரணத்தைப் பாட, சபையார் பல்லவியை ஏற்றுப் பாடுவர். எழுத்தறியாதவரும் இருமுறை கேட்ட அளவில் அதில் கலந்துகொள்ளலாம்.

ஆனால், பின்வந்த மிஷனெரிமாருக்கும் அவருக்கும் பிணக்கு மூண்டது. சபைக்குள் சாதி வேற்றுமையை அவர் ஆதரித்து வாதாடியது அதற்கு ஒரு முக்கிய காரணம். எல்லாக் குரல்களையும் ஒன்றாக்கும் பல்லவியைத் தந்தவர், அக்குரலுக்குரியோர் ஒன்றாய் அமர்வதற்கு இசையவில்லை. அவரது புலமையைப் போற்றும் நாம் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

கீர்த்தனைகளோ தஞ்சையைக் கடந்து பரவின. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் 1853-இல் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தமிழிசையை ஆராய்ந்து 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஈரோட்டில் பணியாற்றிய பாப்லி ஐயர், நம் இசையைத் தாமே பயின்று, 1921-இல் இந்திய இசை குறித்து நூல் எழுதினார். மராட்டிய நாட்டில் நாராயண வாமன திலகர், அபங்கம், கீர்த்தனம் ஆகியவற்றின் வழியே அம்மொழிச் சபைகளுக்கு அவ்வாறே தொண்டு புரிந்தார்.

இவர்கள் வாழ்வினின்று நாம் அறிவது யாது? சபையின் பாட்டு, பயிற்சியின்றி வாய்ப்பதன்று. நடத்துபவர் தமக்கு எட்டும் உச்ச ஸ்தாயியை நோக்காது, முதியோரும் சிறுவரும் எட்டும் சுருதியைத் தேர்தல் வேண்டும். தாளம் விரைவதையும் தளர்வதையும் உணர்தல் வேண்டும். சபை பல்லவியைப் பற்றிக்கொண்டதும் தம் குரலைத் தாழ்த்தவும் கற்றல் வேண்டும். இவற்றுள் கடைசிப் பயிற்சியே மிகக் கடினமானது.

மும்பையிலோ கொல்கத்தாவிலோ தில்லியிலோ கூடும் தமிழ்ச் சபையில், தமிழெழுத்து அறியாத சிறுவர் பலர் இருக்கலாம். புத்தகம் அவர்களுக்கு உதவாது. செவிவழி வந்த பல்லவி உதவும், அதைப் பொறுமையுடன் கற்றுத் தரும் ஒருவர் முன்னே நிற்க வேண்டும், அவ்வளவே.