வில்லுகளும் ஓரங்குலப் படமும்

வேட்டை என்றதும் குறிஞ்சி நிலமும் வில்லேந்திய வேடனும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இன்று நான் பேச விழைவது வேறொரு வில்லைப் பற்றி. நம் நாட்டின் வடமேற்கில் மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்களை வில்லு என்பர். வில்பத்து என்ற பெயரும் அதனோடு ஒட்டியதே.

ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் காலத்தில், 1800 இல், நில அளவைத் திணைக்களம் தோன்றியது. ஒரு மைலை ஓரங்குலமாக்கிக் காட்டும் இடவிளக்கப் படங்கள் வரைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. அவற்றுக்கு முன் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டி நாயின் மூக்கும் ஊரவரின் வாய்மொழியுமே. நுவரெலியாவில் வாழ்ந்து, தன் வேட்டை நூலை வெளியிட்ட சாமுவேல் பேக்கர், மரைகளைத் துரத்தியது நாய்களின் குரலைப் பின்பற்றித்தான். துரத்தப்பட்ட மரை பள்ளம் நோக்கி ஓடி ஆற்றில் இறங்கி நின்று எதிர்க்கும். ஆகவே நீர் எங்கே என அறிந்தவனே வேடன்.

படம் கைக்கு வந்தபின் அந்த அறிவு தாளில் ஏறியது. நீலநிறக் குறிகள் சதுப்பைக் காட்டின. கோடையில் நீர் வற்ற, வில்லின் ஓரத்தில் இளம்புல் தளிர்க்கும். விடியலிலும் அந்தியிலும் புள்ளிமான் அங்கே மேய வரும். நடுச்சேற்றில் அது இறங்காது. இரு சதுப்புகளுக்கு இடையே ஒடுங்கிய மேட்டு நிலம் இருந்தால், அதுவே அதன் பாதை. படத்தை விரித்து அந்த மேட்டைத் தேடுவதே பாதி வேட்டை.

ஆனால் ஓரங்குலப் படத்தில் சமவுயரக் கோடுகள் நூறு அடிக்கு ஒன்றாகவே வரும். மலைநாட்டுக்கு அது போதும். தட்டையான வில்லுக் காட்டிலோ, மானின் பாதையைத் தீர்மானிப்பது நாலைந்து அடி உயர்வு. அதைப் படம் அறியாது.

என் அப்பப்பா அறிந்திருந்தார். மன்னாருக்குத் தெற்கே எங்கள் ஊர். இளமையில் அவர் நில அளவையாளருடன் சங்கிலி பிடிக்கப் போனவர். அவரிடம் பழைய ஓரங்குலப் படமொன்று இருந்தது. அதில் மேடுகளையும், வற்றாத நீரையும், மான் கடக்கும் இடங்களையும் பென்சிலால் குறித்திருந்தார். "அளந்தவன் மாரியில வந்திருப்பான் தம்பி; கோடையில இந்த வில்லுக்குள்ள மாடு மேயும்" என்பார். காற்றுப் பக்கம் பார்த்தே எந்த மேட்டில் காத்திருப்பது என முடிவெடுப்பார். காற்றையும் எந்தப் படமும் காட்டாது.

1990 இல் எனக்குப் பதினொரு வயது. கோடு கீறிய படம் வீட்டில் இருப்பது வினையாகும் என்று அம்மா அஞ்சினார். ஒருநாள் மாலை அது அடுப்புக்குள் போயிற்று. அப்பப்பா தடுக்கவில்லை. "படம் போனா என்ன, காடு இருக்குத்தானே" என்றார். சில மாதங்களில் நாங்கள் ஊரையே விட்டோம். அவர் அந்தக் காட்டை மீண்டும் காணவில்லை.

மான்களின் பக்கம் நின்று பார்த்தால் எரிந்தது நல்லதே எனலாம். வில்பத்து 1938 இலேயே தேசிய வனமாயிற்று, அதன் எல்லைக்கு வெளியேயும் மானுக்குச் சட்டம் காவல் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஆனால் எந்த வில்லு எந்த மாதம் வற்றும், வரட்சியில் மான் எங்கே நீர் தேடும் என்ற அறிவு காவலருக்கும் தேவையானதன்றோ? கொல்லக் கற்றதே காக்கவும் உதவியிருக்கும்.

ஆண்டுகள் பல கழித்து ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலான புதிய படம் வாங்கி மேசையில் விரித்தேன். எங்கள் வில்லு இருந்தது. அவர் குறித்த மேடுகள் எவை என எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்க வேண்டிய காலத்தில் நான் கேட்கவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டில் காடும் குளமும் அறிந்த முதியவர் ஒருவர் இருப்பின், இன்றே ஒரு தாளும் பென்சிலுமாக அவர் அருகில் அமருங்கள்.