யானைச் சின்னம் தாங்கிய படை

மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர், "ஹாஸ்டல் மெஸ் கதையைப் பத்துப் பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், நீயாவது வேறு ஏதாவது விஷயம் எழுது" என்று சொல்லிவிட்டார். ரொம்ப நல்லதாகப் போயிற்று. பல நாளாக மனதில் கிடந்த ஒரு விஷயத்தை எழுத இடம் கிடைத்தது.

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் வெலிங்டனில் நிற்கும். நம்மில் பலரும் சுற்றுலா போகும்போது அந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அங்கேதான் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது. இந்திய ராணுவத்தின் காலாட்படை ரெஜிமெண்டுகளிலேயே மிகப் பழையது என்று பெயர் பெற்றது. இவ்வளவு பழைய படையை ஒரு காலத்தில் ஆளே இல்லாமல் கலைத்துப் போட்டார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போரில் தோற்றதற்காகக் கலைக்கவில்லை. 'தென்னிந்தியனுக்குச் சண்டை போட வராது' என்று கிளம்பிய ஒரு தியரிதான் காரணம். அந்தத் தியரி எப்படி வந்தது, எப்படிப் பொய்த்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோட்டையில் தொடக்கம்

கிழக்கிந்தியக் கம்பெனி முதலில் நம் ஊர் சிப்பாய்களைத் தனித்தனிக் கூட்டங்களாகத்தான் சம்பளத்துக்கு வைத்திருந்தது. 1758ஆம் ஆண்டு ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அவர்களை ஒழுங்காகப் பட்டாலியன்களாகத் திரட்டினார். ரெஜிமெண்ட் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது இதைத்தான். அந்த டிசம்பரிலேயே சோதனை வந்துவிட்டது. பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரி வரை கோட்டை தாக்குப்பிடித்தது. கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுப் படையின் பின்பக்கத்தைத் தொல்லைப்படுத்திக்கொண்டே இருந்தவர் யூசுப்கான். நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே, அவரேதான். அதே கம்பெனி 1764இல் அவரை மதுரையில் தூக்கில் போட்டது. வீரமும் விசுவாசமும் துரோகமும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிற சரித்திரம் இது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தம் இல்லை.

ரெஜிமெண்டுக்கு இன்னொரு வேரும் உண்டு. இன்றைய 9ஆவது பட்டாலியன் கம்பெனியின் படையே அல்ல. 1704இல் திருவிதாங்கூர் மன்னரின் காவற்படையாகத் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகுதான் இந்திய ராணுவத்தோடு சேர்ந்தது. 1741இல் மார்த்தாண்டவர்மாவின் படை டச்சுக் கம்பெனியைக் குளச்சலில் தோற்கடித்ததே, அந்தப் பெருமை இந்தப் பட்டாலியன் வழியாக ரெஜிமெண்டுக்கு வந்து சேர்ந்தது. குளச்சலில் வெற்றித் தூண் இன்றும் நிற்கிறது. தோற்ற டச்சுத் தளபதி டிலனாய் பின்னால் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுத்து, உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமாகியிருக்கிறார்.

யானை வந்த கதை

ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கும் யானை அசாயே யானை. அசாயே என்பது இன்றைய மகாராஷ்டிரத்தில் ஜால்னா மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம். 1803 செப்டம்பர் 23 அன்று ஆர்தர் வெல்லஸ்லி அங்கே மராட்டியப் பெரும்படையை எதிர்கொண்டார். நடுவே கைத்னா ஆறு. வழிகாட்டிகள், கடக்கத் துறையே இல்லை என்றார்கள். ஆனால் இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு ஊர்கள் இருப்பதை அவர் கவனித்தார். எதிரெதிரே ஊர் இருந்தால் போக்குவரத்துக்கு வழி இல்லாமலா இருக்கும் என்று யோசித்துத் தேடச் சொன்னார். துறை இருந்தது! சர்வே கிளாஸில் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் இது.

ஆற்றைக் கடந்த காலாட்படையில் இரண்டு பிரிட்டிஷ் ரெஜிமெண்டுகள் தவிர மீதி ஐந்தும் மதராஸ் சிப்பாய்ப் பட்டாலியன்கள். பீரங்கிகளுக்கு நேரே நடந்து போனார்கள். வெற்றி கிடைத்தது, ஆனால் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து சுமார் 1,500 பேர். அந்தப் போரில் கலந்துகொண்ட படைப்பிரிவுகளுக்குக் கௌரவக் கொடியும் யானைச் சின்னமும் கிடைத்தன. வெல்லஸ்லி பிறகு வெலிங்டன் பிரபு ஆனார். ஜக்கதளா என்று இருந்த நீலகிரி ராணுவக் குடியிருப்புக்கு அவர் பெயரை வைத்தார்கள். கடைசியில் அசாயே யானையும் அதே வெலிங்டனுக்கு வந்து சேர்ந்தது!

இன்னொரு சம்பவம். 1841 மே மாதம், சீனாவில் கேண்டன் நகருக்கு அருகே, 37ஆவது மதராஸ் ரெஜிமெண்டின் ஒரு சிறு பிரிவு பேய்மழையில் வழி தவறிவிட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிராமத்து மக்கள். கையில் இருந்ததோ பழைய சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கி. மழையில் மருந்து நனைந்துவிட்டால் வெடிக்காது. சுடவே முடியாத நிலையில் சதுர வியூகம் கட்டி, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். கேப் வைத்துச் சுடும் புது மாதிரித் துப்பாக்கியோடு கடற்படை வீரர்கள் வந்து சேரும் வரை சதுரம் உடையவில்லை. அது அபினி விற்பதற்காக நடந்த அநியாயமான போர்தான். ஆனால் அந்தச் சதுரத்தில் நின்றவர்களின் நெஞ்சுறுதியைக் குறைத்துச் சொல்ல முடியாது.

வேலூரும் இவர்கள்தான்

1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்களும் இதே மதராஸ் படைச் சிப்பாய்கள்தான். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. 1857க்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் வெடித்த எழுச்சி அது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். எழுச்சியில் ஈடுபட்ட மூன்று பட்டாலியன்களைக் கலைத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தத் தலைப்பாகை உத்தரவும் போயிற்று.

ஆக, உத்தரவு வந்தால் பீரங்கிக்கு நேரே நடக்கவும், மானம் என்று வந்தால் உத்தரவை எதிர்க்கவும் தெரிந்தவர்கள். இவர்களைப் பார்த்துத்தான் பிறகு 'வீரம் இல்லாத இனம்' என்றார்கள்.

ஒரு தியரியும் அதன் ஓட்டையும்

1857க்குப் பிறகு தெற்கே பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டையெல்லாம் வடமேற்கு எல்லையில். சண்டை இருக்கும் இடத்தில்தான் பதக்கமும் பதவி உயர்வும். கெட்டிக்கார அதிகாரிகள் பஞ்சாப் பக்கம் போனார்கள். மதராஸ் படை முகாம்களிலேயே வயதாகிக்கொண்டிருந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், இதைப் பார்த்து, நீண்ட அமைதியில் தென்னிந்தியர்களின் போர்க்குணமே போய்விட்டது என்று முடிவு கட்டினார். 1885இல் இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அந்த முடிவு கொள்கையாகிவிட்டது. 'போரிடும் இனங்கள்' என்று ஒரு பட்டியல். அதில் நமக்கு இடமில்லை. மதராஸ் பட்டாலியன்களின் எண்ணிக்கை குறைந்தது. சிலவற்றில் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார்கள். 10ஆவது மதராஸ் பட்டாலியன் கூர்க்காப் படையாக மாறியது இப்படித்தான்.

எஞ்சினியர் என்ற முறையில் எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. ஒரு கம்பியை டெஸ்டிங் மெஷினில் பூட்டி இழுத்துப் பார்த்து, அது அறுந்தால் 'பலம் போதாது' என்று எழுதலாம். குடோனில் போட்டுத் துருப்பிடிக்க விட்டுவிட்டு, இழுத்துப் பார்க்காமலே ரிப்போர்ட் எழுதினால்? போதாக்குறைக்கு, ஒப்பிட்டுப் பார்க்க அசலான சாம்பிள் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அதே ஜில்லாக்களிலிருந்து ஆள் எடுத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற எஞ்சினியர் படையை யாரும் கலைக்கவில்லை. அவர்கள் போர் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பெயரும் வாங்கினார்கள். முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் உருவானது அந்தப் படையில்தான். அதே ஊர், அதே சாதிசனம், அதே சாப்பாடு. சாப்பர் என்றால் வீரன், காலாட்படை என்றால் கோழையா? இந்தக் கேள்வியை அன்று கேட்டிருந்தால் தியரி அங்கேயே விழுந்திருக்கும்.

கேட்கவில்லை. 1922இல் மிச்சமிருந்த பட்டாலியன்களைச் சேர்த்து 3ஆவது மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றார்கள். சிக்கன நடவடிக்கை என்று சொல்லி ஒவ்வொன்றாகக் கலைத்து, 1928க்குள் நிரந்தரப் பட்டாலியன் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். 1919இல் இந்தப் படையின் 88ஆவது கர்நாடிக் இன்ஃபன்ட்ரியில் ஓர் இளம் அதிகாரி சேர்ந்திருந்தார். பின்னர் வேறு படைகளுக்குப் போக வேண்டியதாயிற்று. 1949 ஜனவரி 15 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பாதான் அவர்.

மறுபிறப்பு

இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆள் வேண்டியிருந்தது, தியரி பறந்துவிட்டது. 1941-42இல் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். பயிற்சி மையம் கோவைக்கு அருகே மதுக்கரையில் தொடங்கி, 1947இல் வெலிங்டனுக்கு மாறியது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பர்மாப் போர்முனைக்குப் போனார்கள். இப்போதுதான் கம்பியை நிஜமாகவே மெஷினில் பூட்டினார்கள். அறுந்துபோகவில்லை. போர் முடிந்த பிறகும் ரெஜிமெண்ட் நிலைத்தது.

அதன் பிறகு 1948இல் காஷ்மீர், 1965இல் கலிதார், மகாராஜ்கே, 1971இல் சிராமணி, பசந்தர் ஆறு என்று போர்க் கௌரவங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். ஆறு நாள் பனிக்கடியில் கிடந்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, பிப்ரவரி 11 அன்று டில்லி மருத்துவமனையில் காலமானார். வெயில் நாட்டுப் பையன்கள் காவல் காத்த இடத்தைப் பாருங்கள்.

ரெஜிமெண்டின் போர்க்குரல் கேட்டிருக்கிறீர்களா? "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" தமிழன், தெலுங்கன், மலையாளி, கன்னடியன் எல்லோரும் ஒரே குரலில் கத்துவது இதைத்தான். வடக்கே 'மதராசி' என்பது கேலிப் பெயர். அதே பெயரின் முன்னால் 'வீர' என்று சேர்த்து முழங்குகிறார்கள். கடமையில் உயிரை விடுவது மேன்மை என்ற பொருளில் கீதையிலிருந்து எடுத்ததுதான் இவர்களின் குறிக்கோள் வாசகம். மதராஸ் வீரனுக்கு ராணுவத்தில் செல்லப்பெயர் 'தம்பி'.

நம் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. 'கிராமத்துப் பையன்', 'தமிழ் மீடியம்', 'இங்கிலீஷ் வராது' என்று இன்டர்வியூவில் முகத்தைப் பார்த்தே மார்க் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இழுத்துப் பார்க்காமல் எழுதிய ரிப்போர்ட் அது. அதை நம்பி நீங்களே உங்களைக் கலைத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள் உட்காரும்போது, அதே ரிப்போர்ட்டை அடுத்தவனுக்கு எழுதவும் எழுதாதீர்கள். முன்னாள் மாணவர்களில் பலர் இப்போதே அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கும் சேர்த்தே சொல்கிறேன்.