சிறு, குறு, நுண்

அளவிற் குறைந்ததைச் சொல்லத் தமிழில் மூன்று வேர்கள் முதன்மையானவை. பருமனிலோ பரப்பிலோ குறைந்தது சிறு. நீளத்திலோ உயரத்திலோ குறைந்தது குறு. கண்ணுக்கும் கருத்துக்கும் எளிதில் எட்டாதது நுண். ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கினாலும் இவை முழுதும் ஒன்றாகிவிடவில்லை.

தொல்காப்பிய உரியியல், வழக்கில் தெளிவான சொற்களை விட்டுவிட்டு அரிய சொற்களுக்கே பொருள் கூறுகிறது. நொசிவு, நுழைவு, நுணங்கு ஆகிய மூன்றும் நுண்மையைக் குறிக்கும் என்பது அங்குள்ள விளக்கம். நுண்மை அன்றே எல்லாருக்கும் விளங்கிய சொல் என்பது இதனால் தெரிகிறது.

குறு என்னும் வேர் அளவுப் பெயராக நிலைத்தது. 3 முதல் 6 அடிப் பாடல்களின் தொகுப்பு ஐங்குறுநூறு. 4 முதல் 8 அடி குறுந்தொகை. 13 முதல் 31 அடி கொண்ட அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்பது மறுபெயர். இரண்டடி வெண்பா குறள் எனப்பட்டது. குள்ள உருவுக்கும் அதே பெயர். எழுத்திலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, குற்றியலுகரத்துக்கு அரை, மகரக்குறுக்கத்துக்குக் கால்.

ஒருபொருட் பன்மொழிகளைத் திரட்டும் பணியைப் பின்னர் நிகண்டுகள் ஏற்றன. கிடைத்துள்ளவற்றுள் பழமையான திவாகரம் சொற்களைப் பொருள்வாரியாக 12 தொகுதிகளாக வகுத்தது. சிறுமை போன்றவற்றுக்கு உரிய இடம் பண்பு பற்றிய பெயர்த்தொகுதி. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தில் அமைந்ததால் மனப்பாடத்துக்கு ஏற்றதாகித் திண்ணைப் பள்ளிகளில் பாடநூலானது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பிரிந்து, சொற்களை அகர வரிசையில் தந்தது. செய்யுளை மனப்பாடம் செய்யாதவரும் சொல்லைத் தேடிப் பார்க்க வழி பிறந்தது.

புதிய தேவைகள் மூன்று வேர்களையும் மீண்டும் பிரித்தன. சிறுகதையும் குறும்படமும் நுண்ணோக்கியும் அப்படி வந்தவை. அரசு வழக்கிலோ சிறுவுக்கும் குறுவுக்கும் இடையே எல்லையே வரையப்பட்டது. ஒரு ஹெக்டேருக்கு மேற்படாத நிலமுடையவர் குறு விவசாயி, அதற்கு மேல் 2 ஹெக்டேர் வரை உடையவர் சிறு விவசாயி. தொழில் நிறுவனங்களிலும் குறு என்பது சிறுவுக்குக் கீழ்நிலை. நீளக் குறைவைச் சொல்லிவந்த வேர் இங்கே சிறியதிலும் சிறியதைக் குறிக்கிறது.