பவுன், பட்டா, குட்டி யானை

இராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே போகிறவர்கள் உப்பூரில் இறங்கி வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு டீ குடிக்க உட்காருவார்கள். அங்கே பணத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று தீர்ப்புகளில் வந்து நிற்கும். கையில் காசு மிஞ்சினால் பவுன் எடு. வீட்டைச் சொந்த ஊரிலேயே கட்டு. சொகுசுக்குக் கார் வாங்குவது காசைக் கரியாக்குவது. வண்டி என்றால் அது சம்பாதித்துத் தரவேண்டும். முதலீடு தெரியாத ஜனங்களின் பழைய பழக்கம் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்தக் கரையின் கதையைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். இங்குள்ள ஒவ்வொரு கருத்துக்குப் பின்னாலும் ஓர் ஆண்டு இருக்கிறது. ஏதோ ஒரு குடும்பம் எதையோ இழந்த ஆண்டு.

பர்மாவிலிருந்து தொடங்கலாம். சேதுச்சீமை என்கிற இந்தப் பகுதியிலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் பிழைக்கப் போனவர்களுக்கு ரங்கூன் இன்னொரு சந்தை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது என்றால், இந்தப் பக்கத்துப் பணம் எந்த வழியில் ஓடியது என்பது விளங்கும். 1963இல் பர்மா அரசு வங்கிகளை அரசுடைமையாக்கியது. மறு ஆண்டு கடைகள் போயின. 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று நே வின் அரசு அறிவித்தது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது ஒரே அறிவிப்பில் காகிதமானது. கப்பலேறித் திரும்பியவர்களால் நகையைக்கூட இஷ்டம்போல் கொண்டுவர முடியவில்லை. ஊருக்கு முன்கூட்டியே அனுப்பி வீடாகவும் நிலமாகவும் மாற்றி வைத்தது மட்டுமே மிஞ்சியது.

அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914 முதல் ரயிலும் கப்பலும் கைகோத்துத் தலைமன்னாருக்கு ஆளேற்றிக்கொண்டிருந்த வழி அறுந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்திருந்தது. பர்மா, இலங்கை என்று இரண்டு வாசல்கள் ஒரே ஆண்டில் அடைபட்ட கரை இது.

ஆகவே வளைகுடா வாசல் திறந்தபோது மக்கள் முன்னெச்சரிக்கையோடுதான் உள்ளே போனார்கள். கீழக்கரையைச் சேர்ந்த பி.எஸ். அப்துர் ரகுமான் 1973இல் துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனத்தைத் தொடங்கிய பின், இந்த மாவட்டத்திலிருந்து ஆட்கள் அலையலையாய்ப் போனார்கள். சம்பளம் வந்த வேகத்தில் ஊருக்கு வந்தது. ஓடு போய் மாடி வந்தது, மொசைக் போய் கிரானைட் வந்தது. ஆளில்லாத வீட்டுக்கு இத்தனை அறை எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்து, குவைத் தினாருக்கு மதிப்பில்லாமல் போய், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானமேறி வெறுங்கையோடு திரும்பினார்கள். பர்மா கதையைத் தாத்தாவிடம் கேட்ட வீடுகளில் அந்தக் கேள்விக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பவுனின் கதை வேறு. அதைத் தீர்மானித்தது மழை. இங்கே ஆறு இல்லை என்றே சொல்லிவிடலாம். கண்மாய்தான் கதி. மேற்கே இராஜசிங்கமங்கலத்தில் ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய பெரிய கண்மாய் இருந்தும், வானம் பொய்த்தால் அத்தனை மடையும் காய்ந்துதான் கிடக்கும். புரட்டாசியில் புழுதி விதைப்பு, தையில் அறுவடை, மிச்சக் காலத்துக்கு முண்டு மிளகாய், கரிமூட்டம், கடல். வருமானம் ஆண்டுக்கு ஒரு முறை. செலவு பன்னிரண்டு மாதமும். இந்த இடைவெளியை அடைக்கும் பாலம் பெண்களின் கழுத்தில் இருந்தது. புரட்டாசியில் நகை உள்ளே போகும், மாசியில் வெளியே வரும்.

அடகுக் கடையானாலும் கூட்டுறவு வங்கியானாலும் மதிப்பீட்டாளர் செய்வது ஒன்றுதான். செயினை விரலில் உருட்டிப் பார்ப்பார். உரைகல்லில் ஒரு இழுப்பு. கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம். கோடு நிற்கிறதா மங்குகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கல் வைத்த நகை என்றால் கல்லுக்கும் உள்ளே இருக்கிற அரக்குக்கும் எடை கழிப்பார். கழிவைக் கேட்டதும், ‘வாங்கும்போது மட்டும் அதுக்கும் காசு குடுத்தோமே’ என்று முணுமுணுக்காத பெண் இல்லை. அதனாலேயே அனுபவப்பட்டவர்கள் கல் நகையைத் தவிர்த்து, வளையலும் செயினுமாக எடுக்கிறார்கள். அரை மணி நேரத்தில் உரத்துக்குப் பணம் கிடைத்துவிடும். சிபாரிசு வேண்டாம், ஜாமீன் வேண்டாம். பட்டா இல்லாத குத்தகைக்காரர் வீட்டுக்கும், கடலுக்குப் போகிற வீட்டுக்கும் இதைவிடக் கௌரவமான கடன் வேறெதுவும் இருந்ததில்லை.

அரசு இதை மாற்றப் பார்த்தது. 1963இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த விதிப்படி புது நகை 14 காரட்டுக்கு மேல் போகக்கூடாது. மூன்றாண்டில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. 1968இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990இல் நீக்கப்பட்டது. 2021இல் தமிழக அரசே கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன்களைத் தகுதி பார்த்துத் தள்ளுபடி செய்தது. டெல்லி வீண் சேமிப்பு என்று நினைத்ததை விவசாயத்தின் முதலாக ஒத்துக்கொள்ள அறுபதாண்டு பிடித்தது.

ஏலச்சீட்டும் உண்டு. மாநிலத்துக்கு 1961இலும் நாட்டுக்கு 1982இலும் சட்டம் வந்தது. ஆனாலும் பதிவில்லாத சீட்டை நம்பிப் போட்டு ஏமாந்த ஊர்கள் ஏராளம். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் ‘இருபத்து நாலு வட்டி’ என்றால் சந்தேகப்பட வேண்டும் என்ற புத்தி பரவியது.

பவுன், நிலம், வண்டி மூன்றில் நிலம்தான் அதிகம் ஏமாற்றியது. 1803இல் ஆங்கிலேயர் இராமநாதபுரத்தை நிரந்தரத் தீர்வையில் ஜமீனாக்கியதிலிருந்து, நிலமெல்லாம் சேதுபதி சமஸ்தானத்துக்கு வரி கட்டும் நிலம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறி மறு ஆண்டு சமஸ்தானம் அரசின் கைக்கு வந்த பிறகே, அளவைக்காரர்கள் சங்கிலி இழுத்து, கல் நட்டு, ரயத்துவாரிப் பட்டா கொடுத்தார்கள். அரசு கொடுத்த பட்டா என்பது இங்கே இன்னும் நூறு வயதாகாத சமாச்சாரம். பட்டா கிடைத்தும் உவர் ஏறிய கடலோர நிலத்தைச் சீந்துவாரில்லை. விறகுக்கென்று பரப்பிய சீமைக் கருவேலம் அதை மூடிக்கொண்டது. வெட்டிக் கரி சுட்டதுதான் வருமானம்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வந்ததும் கருவேலங்காடு ‘கடல் பார்த்த மனை’ ஆனது. மஞ்சள் அடித்த கல், நுழைவாயிலில் ஒரு வளைவு, தவணையில் பிளாட். 1991ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு வைத்திருந்ததை வாங்குகிறவருக்கு யாரும் சொல்லவில்லை. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவுசெய்யத் தடை விதித்தபோது, மாநிலம் முழுக்கச் சிறு சேமிப்பாளர்களின் மனைகள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றன. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. தரகர் வாங்கிக்கொண்டு போன பணத்துக்குமேல் இன்னொரு கட்டணத்தை வாங்கியவரே கட்டினார். இந்த அநியாயத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

உப்பூருக்கு இன்னொரு அனுபவமும் வாய்த்தது. 800 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையம் வருவதாக அறிவிக்கப்பட்டு, 2016இல் பெல் நிறுவனத்திடம் பணி ஒப்படைக்கப்பட்டது. மீனவர்கள் சுடுநீர் கடலில் கலப்பதை எதிர்த்தார்கள். 2021 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. திட்டத்தை உடன்குடிக்கு மாற்ற மின்வாரியம் முடிவெடுத்தது. பெரிய ஆலை வருகிறது, நிலம் ஏறும் என்ற பேச்சை நம்பி விலை வைக்கக்கூடாது என்று இங்கே சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

காருக்கு இத்தனை கதை இல்லை. அம்பாசடர் காலத்தில் கார் என்றால் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிடிக்கிற வாடகை வண்டி. 1983இல் மாருதி வந்தும் கரையோரத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. மாற்றியது 2005இல் வந்த டாட்டா ஏஸ். குட்டி யானை என்று பேர் வைத்து, விடியற்காலையில் ஐஸ் பெட்டியையும் மதியம் மிளகாய் மூட்டையையும் ஏற்றினார்கள். அதற்குத் தவணை கட்டுவதை எவரும் கடனாக நினைக்கவில்லை.

இப்போது மனை பார்க்கப் போகிறவர்கள் விளம்பரத் தாளை மடித்து வைத்துவிட்டு வில்லங்கச் சான்றைக் கேட்கிறார்கள். தாய்ப்பத்திரத்தைப் பின்னோக்கிப் படித்து, ஜமீன் ஒழிந்தபோது கொடுத்த பட்டா வரை போகிறார்கள். அதன்பிறகு கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, அந்தப் புல எண் கண்மாய் நீர்ப்பிடிப்பில் இல்லை என்று தெரிந்த பிறகே அட்வான்ஸ் கொடுக்கிறார்கள்.