கடைசி காரின் கூரை

1976, ஏப்ரல் 21. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். காடிலாக் தொழிற்சாலையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு கார் உருண்டு வருகிறது. பெயர், எல்டொராடோ. பாடி வெள்ளை, சீட் வெள்ளை, மடக்கினால் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும் துணிக்கூரையும் வெள்ளை! சுற்றிலும் கேமராக்கள். 'அமெரிக்காவின் கடைசி கன்வெர்ட்டிபிள் இதுதான். இனி கிடையாது!' என்று கம்பெனியே சொல்லியாகிவிட்டது.

ஏன் அப்படி? 1965-ல் அந்த நாட்டில் ஐந்து லட்சம் கன்வெர்ட்டிபிள்கள் விற்றன. அப்புறம் ஏ.சி. வந்தது. காற்று வாங்க எதற்குக் கூரையைத் திறக்க வேண்டும்? கார் கவிழ்ந்தால் தலைக்கு மேலே வெறும் துணிதானே என்று அரசாங்கம் சட்டம் போடப்போவதாகவும் பேச்சு. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

'கடைசி' என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா? அமெரிக்கர்களும் இருக்கவில்லை. சுமார் 11,000 டாலர் விலையுள்ள அந்த வண்டியைப் போட்டி போட்டு வாங்கினார்கள். அந்த வருடம் செய்த 14,000 கார்களில் பல, ரோட்டையே சரியாகப் பார்க்கவில்லை. கவர் போட்டு ஷெட்டில் பூட்டிவிட்டார்கள். தங்கம் வாங்கி லாக்கரில் வைக்கிற கதைதான். (பி.காம். படித்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிகிறது!)

ஆனால், தங்கத்துக்கு வயசாகாது. துணிக்கு ஆகும்.

அந்தக் கூரை வினைல். நம்ம ஆட்டோ மேலே போடுகிற ரெக்ஸினுக்குப் பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். வருடக்கணக்கில் மடக்கியே வைத்தால் மடிப்பு நிரந்தரமாகிவிடும், துணி சுருங்கும். பிறகு இழுத்து மூடினால் முன்கண்ணாடி வரை எட்டாது. சரி, மூடியே வைக்கலாம் என்றால், ஈரம் தங்கிய இடத்தில் கரும்புள்ளி விழும், தையல் இற்றுப்போகும். அதற்கும் அடியில் இரும்புச் சட்டம். கத்திரிக்கோல் மாதிரி இரண்டு கைகளும் உள்பக்கமாக மடங்கும். பின்சீட்டுக்கு இடம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. ஒரு கை முந்தி, இன்னொன்று பிந்தினால் சட்டமே முறுக்கிக்கொள்ளும்.

இதற்கிடையில் 1982-ல் கிரைஸ்லர் கம்பெனி, லீ ஐயகோக்கா தலைமையில், மறுபடி கன்வெர்ட்டிபிள் விற்க ஆரம்பித்தது. நன்றாகவே ஓடியது. 1984 மாடலாக காடிலாக்கும் புது எல்டொராடோ கன்வெர்ட்டிபிளை இறக்கியது. ஆமாம், அதே காடிலாக்! பூட்டி வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். 'கடைசி என்றுதானே விற்றீர்கள்?' என்று கோர்ட்டுக்கே போனார்கள். பலிக்கவில்லை.

ஆக, கையில் மிஞ்சியது பழைய கார், பழைய துணி. புதுத் துணி போட்டால் என்ன? போடலாம், அளவெடுத்துத் தைத்த கூரைகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. ஆனால் பழசைப் பிரித்தால்தான் தெரியும், உள்ளே பக்கவாட்டு மெத்தை தொய்ந்து, வார்ப்பட்டை நைந்து, பின் அடித்திருக்கும் பட்டை துருவேறிக் கிடப்பது. அதையெல்லாம் விட்டுவிட்டு மேல்துணியை மட்டும் மாற்றினால், பழைய தொய்வின் மேல் புதுத் துணி. முதல் மழையிலேயே ஒழுகும். நம்ம ஊர் குஷன் ஒர்க்ஸ்காரர் கூட இதைச் சொல்லிவிடுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பதே, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிற 'அசல்' வண்டிக்குத்தான். அசல் துணி கிழிந்திருக்கிறது. மாற்றினால் அசல் இல்லை. மாற்றாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி, அசல் சீட்டும் தரைவிரிப்பும் போகும். என்னைக் கேட்டால், மாற்றிவிட்டு, கழற்றிய துணியைச் சுருட்டி டிக்கியில் போட்டு வைப்பேன். வாங்குகிறவர் கேட்டால் காட்டலாமே!

கடைசி நாட்களில் ஒரே மாதிரி வெள்ளையில் 200 கார்கள் செய்தார்கள். அதில் ஒன்று என்றாவது உங்கள் கண்ணில் பட்டால், பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். கூரையை ஒரு தடவை மூடிக் காட்டச் சொல்லுங்கள். முன்கண்ணாடி வரை எட்டுகிறதா என்று பாருங்கள்.